கேட்டுத் தெரிந்த ருசி

ராத்தா தன் வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் குடித்ததில்லை. ஆனால் வைன் குடிக்கிறவர்கள் முதல் மிடறை விழுங்கும்போது, அவர்களின் முகத்தை ராத்தா பார்த்ததுபோல வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, ஈரக் கையைத் துவாயில் துடைத்தபடி, கண்ணை எடுக்காமல் நிற்பார். குடித்தவர் கிளாஸை மேசையில் வைத்தாரோ இல்லையோ, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்பார்.

"என்ன சொல்றாங்க புள்ள?"

அறுகம்குடாவில், கடற்கரையை ஒட்டி எட்டு அறைகள் உள்ள ஒரு விடுதியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். அலையில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்கள்தான் அங்கே தங்குவார்கள். முதலாளி எங்கள் ஆள், ஐந்து நேரமும் தொழுகிறவர். விடுதியில் மது விற்பதில்லை. ஆனால் வருகிறவர்கள் தங்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவந்து, முற்றத்து மேசையில் வைத்துக் குடிப்பார்கள். அந்த நேரம் முதலாளி வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். ராத்தாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. "கிளாஸ் கழுவுவன். ஊத்த மாட்டன்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாராம்.

நான் உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வாப்பா தோணிக்காரர், கையெழுத்து மட்டும் போடுவார். உம்மா மருதமுனையில் கைத்தறி நெய்தவர், அவருக்கு அதுவும் வராது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய், வெள்ளைக்காரரோடு இங்கிலீசில் கதைத்து, அவர்கள் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிற வேலை, பெண் பிள்ளையான எனக்குக் கிடைத்திருந்தது. எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. இன்றைக்கும் அதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை.

ராத்தாவின் ஊர் சாய்ந்தமருது. நாற்பதைத் தொட்டிருந்தார். கணவர் மௌத்தான பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டுக் குசினி வேலைக்கு வந்தவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமைகளில் நாங்கள் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவோம். சொந்தமில்லை. ஆனால் முதல் நாளே, சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி "ராத்தா" என்றுதான் வாயில் வந்தது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை, முதலாளிகூட "சாய்ந்தமருதார்" என்றுதான் சொல்வார்.

முதல் கிழமையிலேயே எனக்கும் ராத்தாவுக்கும் மனத்தாங்கல் வந்தது. ஒரு இளைஞன் வைன் குடித்துவிட்டு ஏதோ சொன்னான். ராத்தா கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசையெல்லாம் காட்ட வேண்டும்போல இருந்தது. "நல்ல வாசமாம் ராத்தா, பழுத்த திராட்சை மாதிரியாம், தொண்டையில பட்டு மாதிரி இறங்குதாம்" என்று அடுக்கினேன்.

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவன் ஒரு சொல்லுத்தானே சொன்னான்?"

"ஓம்..."

"மிச்சமெல்லாம் எங்க இரிந்து வந்த?"

அவன் சொன்னது "நல்லம்" என்று மட்டும்தான்.

"எனக்கு உண்ட கதை வேணாம் புள்ள. அவன் சொன்னத்த மட்டும் தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் சரியாகப் போகாத ஒருவர் என் மொழிபெயர்ப்பில் பிழை பிடித்தது எனக்கு இரண்டு நாளாகச் செரிக்கவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"நீங்க குடிக்கவே மாட்டீங்க. மறுகா அதுட ருசி உங்களுக்கு எதுக்கு?"

ராத்தா மீன் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "நான் ஆக்கிற கறிய அதோட சேர்த்துத்தானே திங்கிறாங்க. வாய்க்குள்ள ஏற்கனவே என்ன கிடக்கு என்டு தெரியாம நான் எப்பிடிக் கறியாக்கிற?"

இந்தப் பதிலுக்குப் பிறகு நான் அடுக்குவதை விட்டுவிட்டேன்.

அந்த முற்றத்தில் வைன் குடித்தவர்கள் யாரும் பெரிய நிபுணர்கள் இல்லை. விடுமுறைக்கு வந்த நேர்ஸ்மார், கணினி வேலைக்காரர்கள், ஒரு பல் வைத்தியர், கலியாணமாகி இருபது வருடம் கழித்து முதன்முதலில் பிள்ளைகள் இல்லாமல் வந்த ஒரு தம்பதி. கொழும்பில் கிடைத்த ஏதோ ஒரு போத்தலைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து, குடித்துவிட்டு, மனதில் பட்டதைச் சொல்வார்கள். ஒருத்தி ஈரக் கல் மாதிரி இருக்கிறது என்றாள். ஒருவர் பென்சில் சீவிய தூள் என்றார். இன்னொருவர் பழைய தோல் என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை ராத்தா அப்படியே விட்டுவிட மாட்டார்.

மழை பெய்து விட்ட ஒரு காலையில், கிணற்றடியில் கிடந்த கருங்கல்லை ராத்தா குனிந்து நாக்கால் தொட்டுப் பார்ப்பதை நான் கண்டேன்.

"ராத்தா! என்ன செய்றீங்க?"

"அந்தப் பொம்புள சொன்னாவே, ஈரக் கல்லு என்டு. மெய்தான் புள்ள. ஒரு ருசி இரிக்கி. இரும்புமில்ல, மண்ணுமில்ல."

பென்சில் தூளுக்குச் சின்ன மகளின் பென்சிலைச் சீவி முகர்ந்து பார்த்தாராம். அது விளங்கிவிட்டது. பழைய தோல்தான் பிரச்சினை. ஒரு நாள் அலுவலக அறைக்குள் முதலாளியின் பழைய தோல் செருப்பைக் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"ருசி பார்க்கிறன்."

முதலாளி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பிறகு என்னிடம் தனியாக, "அவவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். இதை ராத்தாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போ புள்ள, தோலுமில்ல ஒண்டுமில்ல. அதுல மனிசன்ட காலுதான் மணக்குது" என்றார்.

அந்த இருபது வருடத் தம்பதியின் கதையைச் சொல்லாமல் விட்டால் ராத்தாவைப் பற்றிச் சொன்னதாகாது. ஒரே போத்தலிலிருந்து இருவரும் குடித்தார்கள். மனைவி புகை மணக்கிறது என்றார். கணவர் இல்லவே இல்லை, ஜாம் மாதிரி இனிக்கிறது என்றார். அது சண்டையாகிவிட்டது. நான் நின்று தடுமாறினேன். ராத்தா கதவடியில் நின்றே சிரித்தார்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல என்டு சொல்லு. அவ முதல்ல என்ட சுட்ட மீனத் தின்டா. அவர் அன்னாசித் துண்டத் தின்டவர். அவக்கிட்ட அன்னாசியையும் அவருக்கிட்ட மீனையும் குடு."

கொடுத்தோம். இரண்டாவது மிடறில் அந்த மனைவிக்கு இனித்தது. கணவருக்குப் புகை மணத்தது. இருவரும் எழுந்து குசினிக் கதவுக்கே வந்துவிட்டார்கள். எந்த வைன் உங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று அந்த அம்மா கேட்டார்.

"நான் குடிக்கிறல்ல. நீங்க குடிக்கிறதப் பார்க்கிற" என்றார் ராத்தா. நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரையும் ராத்தாவுக்குப் பிடிக்காது. போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, இன்ன நாட்டு மலைச்சரிவு, இன்ன வருடத்து வெயில் என்று விழுங்கும் முன்பே சொல்லத் தொடங்கும் ஆட்களைக் கண்டால், "இவன் போத்தல வாசிக்கிறான், குடிக்கல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவடியிலிருந்து போய்விடுவார். அவருக்கு மிகவும் பிடித்தவர் ஒரு ஓய்வுபெற்ற பஸ் சாரதி. குளிர் நாட்டுக்காரர், நெடிய மனிதர், ஒவ்வொரு வருடமும் வந்து ஒரு மாதம் தங்குவார். முதல் முறை அவர் குடித்ததும் என்ன மாதிரி என்று நான் கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "சிவப்பாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

"இந்த மனிசன நம்பலாம்" என்றார் ராத்தா. அன்றிலிருந்து நல்ல மீன் துண்டு அவருக்குத்தான்.

இந்த நாக்கை எங்கள் ஊரார் தாங்கிக்கொள்வது இலேசில்லை. ஒரு பெருநாளைக்கு ராத்தாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உம்மா காலையிலிருந்து நின்று கோழிக்கறி ஆக்கியிருந்தார். ராத்தா ஒரு வாய் வைத்ததும் சொன்னார்.

"ஏலம் கூடிட்டு மச்சி. பார்த்துப் போடல்லயா?"

உம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பிறகு இரண்டு மாதம் ராத்தாவின் பேச்சை எடுத்தாலே, "ஓ, அந்த நீதவான்" என்பார். ராத்தா கோழிக்கறியைக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டதும், ரசத்துக்கு "இத விட ஏலா" என்று சொன்னதும் உம்மாவின் காதில் ஏறவே இல்லை. குறையைச் சொன்ன அதே குரலில்தான் நிறையையும் சொல்வார் ராத்தா. அதனால் நிறை யாருக்கும் கேட்பதில்லை.

இப்போது ராத்தா மூத்த மகளோடு புத்தளம் பக்கம் போய்விட்டார். நம்பர் மாறிவிட்டது. நான் கல்முனையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அறிக்கை எழுதும்போது ஒரு சொல் தேவைக்கு அதிகமாக விழுந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பார்வை முதுகில் படுகிறது. ஆனால் நான் எழுத நினைத்தது நாவற்பழக் கதையை.

நாவற்பழக் காலம் வந்தால், பொத்துவில் ரோட்டோரத்தில் பெட்டி பெட்டியாக வைத்து விற்பார்கள். ராத்தா அதை வாங்கிப் பிழிந்து, சீனி போட்டுக் காய்ச்சிச் சாறு செய்வார். ஒரு கரண்டி சாற்றுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் விட்டுக் குடிக்க வேண்டும். அவர் குடியிருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, அதற்கு நல்ல பெயர் இருந்தது. ஒரு வருடம், கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், தன் மகளின் கலியாணத்துக்கு அறுபது போத்தல் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெரியவர்களுக்கும் சோடா கொடுக்காமல் இதைக் கொடுக்க ஆசையாம். ஹாஜியாருக்கு நீரிழிவு. அதனால் சீனியைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் கலக்காமல் அப்படியே குடிக்கும் மாதிரி செய்யச் சொன்னார்.

ராத்தா இப்படிச் சீனி குறைத்துச் செய்ததில்லை. ஆனாலும் ஓம் என்றுவிட்டார். ஏன் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

"இது ஒண்டு நல்லா நடந்தா நாலு கலியாண ஊடு தானா வரும் புள்ள. ரெண்டு ஊட்டார் இப்பவே கேட்டிட்டாங்க. மறுகா நான் இங்க வரத் தேவல்ல. புள்ளைகளோட ஊட்டயே இரிந்திருவன்."

மூத்தவள் வயதுக்கு வந்த நாளில் ராத்தா அறுகம்குடாவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

புதுப் போத்தல், புது மூடி வாங்கி, அறுபதையும் நிரப்பி, தகரக் கூரை போட்ட பின்னறையில் அடுக்கினார். கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பு ருசி பார்க்க இரண்டு போத்தல் ஹாஜியார் வீட்டுக்குப் போனது. "இந்த முறை ஜூஸ் நல்ல உசார்" என்று ஹாஜியார் ஆள்விட்டுச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம். வியாழன் பின்னேரம் ராத்தா ஊருக்குப் போனார். நான் அந்த முறை போகவில்லை. போனதும் ஒரு போத்தலைத் திறந்தாராம். மூடி 'புஸ்' என்றதாம். கணவரின் தங்கைமாரான மச்சிமார் இரண்டு பேரும் ஓடி வந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "சோடா மாதிரி ஏறுது ராத்தா! என்ன போட்ட நீங்க?" என்று குதித்தார்களாம். அந்த வீட்டில், அந்த ஒழுங்கையில், ஏன் ஹாஜியார் வீட்டிலும் மதுவை வாயில் வைத்த ஒருவர் இல்லை. அது என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ராத்தாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் நான்கு வருடமாக அந்தக் கிளாஸ்களைக் கழுவியவர். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன சாற்றைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் அவர் அறுகம்குடாவில் வந்து இறங்கியபோது நான் பயந்துபோனேன். பைக்குள் துணியில் சுற்றி ஒரு போத்தல்.

"பஸ்காரர் நிக்கிறாரா?" என்று கேட்டார். அந்த ஓய்வுபெற்ற சாரதிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நின்றார். புதிதாக வந்த ஒரு ஜோடியும் அவரோடு முற்றத்தில் இருந்தது. "அந்த மூணு பேருக்கும் குடு. என்ன என்டு நாம சொல்லப்படாது. அவங்க சொல்லணும்."

தான் ஊற்ற மாட்டேன் என்று என்னிடம் தந்தார். நான் மூன்று கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். ராத்தா கதவடியில் போய் நின்றுகொண்டார். வழக்கமாகக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பவர், அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் குடித்துவிட்டுக் கண்ணை விரித்தாள். இதை எங்கே வாங்கினீர்கள், இளசான வைன், நாக்கில் கொஞ்சம் குத்துகிறது, பழம்தான் என்ன பழமென்று பிடிபடவில்லை என்றாள். அவளுடைய ஆள் கிளாஸைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு, வீட்டில் செய்தது போல இருக்கிறது, ஆனால் தலைக்கு ஏறும் என்றான். பஸ்காரர் குடித்து முடித்துவிட்டு வெறும் கிளாஸை என் பக்கம் நீட்டினார், இன்னும் வேண்டும் என்று.

"என்ன சொல்றாங்க புள்ள?"

நான் திரும்பிப் பார்த்தேன். அறுபது போத்தல். இரண்டு பிள்ளைகள். வாயில் பொய் தானாக வந்தது.

"நல்ல ஜூஸாம் ராத்தா. புதுமையான பழமாம்."

ராத்தா கோபப்படவில்லை. களைத்த குரலில் சொன்னார். "ஜூஸ் குடிக்கிறவன் கிளாஸ இப்பிடிச் சுத்த மாட்டான் புள்ள. அவங்க சொன்னத்தச் சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அப்படிச் சொல்வது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்தா அந்த ஜோடியையும் பஸ்காரரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிச்சப் போத்தலை வாங்கிக் குசினித் தொட்டியில் கவிழ்த்தார்.

அன்று பின்னேர பஸ்ஸில் நானும் கூடப் போனேன். அக்கரைப்பற்று வரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு இருக்க முடியவில்லை.

"பழுதாப் போச்சு என்டு சொல்லுங்க ராத்தா. முடிஞ்சிது. யாரு வந்து பார்க்கப் போறா?"

"பழுதாகல்லயே. குடிச்ச எல்லாரும் நல்லம் என்டுதானே சொன்ன. நீயும் கேட்டாய்."

"அதுக்கு?"

"ஹாஜியார் குடிச்சிட்டார். அவர்ர பொஞ்சாதி குடிச்சிட்டா. என்ட மச்சிமார் குடிச்சிட்டாங்க. தெரியாமச் செய்ததுக்கு அல்லாஹ் மன்னிப்பான். இப்ப தெரிஞ்சிட்டு புள்ள. இனி நான் வாயப் பொத்தினா அது தெரியாமச் செய்ததில்ல."

சனிக்கிழமை காலை ஹாஜியார் வீட்டில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று ஏணியில் நின்றவனை ஏசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க வாங்க! ஜூஸ் எப்ப வருது?" என்றார். அவரது மனைவியும் வாசலுக்கு வந்தார்.

"வராது ஹாஜியார். அது வைனாகிட்டு."

ஹாஜியாருக்கு விளங்கவில்லை. ராத்தா நடந்ததைச் சொன்னார். சீனி குறைந்ததால் சாறு தாங்கவில்லை, மூடிய போத்தலுக்குள் வெக்கையில் கிடந்து புளித்து மதுவாகிவிட்டது, அதைக் குடிக்கிறவர்களிடமே கொடுத்துக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன் என்று. சீனியைக் குறைக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப... நான் குடிச்ச?"

"ஓம் ஹாஜியார். அதுவும்தான்."

"அதுதான் அண்டைக்கு லுஹருக்குப் பிறகு அப்பிடி ஒரு நித்திரை!" என்றார் மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஏணியில் நின்றவன் சிரித்துவிட்டான். ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"என்ன மனிசி நீங்க? நாளைக்குக் கலியாணம்! பழுதாப் போச்சு என்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. எங்களுக்கு ஒருதருக்கும் தெரிய வந்திரிக்காதே!"

"ஒருதருக்கும் தெரிய வராது என்டதாலதான் ஹாஜியார், நான் வந்து சொல்ல வேண்டி வந்த."

ஹாஜியார் உள்ளே போய்விட்டார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் வெளியே வரவில்லை.

ராத்தாவின் வீட்டுப் பின்வளவில் அறுபதில் மிஞ்சிய எல்லாப் போத்தலையும் மணலில் ஊற்றினோம். மணல் ஊதாவாகி, பிறகு கறுத்தது. வாசம் நாலு வீடு தாண்டிப் போனது. வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. "சாய்ந்தமருதுல சாராயம் காய்ச்சின முதல் பொம்புள!" என்று யாரோ ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ராத்தா நிமிர்ந்து, "சாராயமில்லகா, வைன். ரெண்டும் வேற" என்றார். அந்த நேரத்திலும் அவருக்குச் சரியான சொல்தான் வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மச்சிமார் இரண்டு பேரும் குடித்தது தெரிந்து, வாயைக் கொப்புளித்துக் கொப்புளித்துக் கிணற்றடியை விட்டு வரவே இல்லை.

பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜூஸ் கேட்டிருந்த மற்ற இரண்டு வீட்டாரும் போன் எடுத்து, வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டார் மரியாதையாகச் சொன்னார்கள், மற்ற வீட்டார் மரியாதையில்லாமல் சொன்னார்கள். ராத்தா இரண்டு பேருக்கும் "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு சின்ன மகளைப் பக்கத்தில் இருத்திச் சீப்பால் தலை இழுத்துவிடத் தொடங்கினார். இனி எத்தனை வருடம் பஸ் ஏறப் போகிறார் என்று மூத்தவள் கேட்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருந்தது.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹாஜியார். இறங்கவில்லை. ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு முன்னூறு பேர் வாறாங்க. என்ன குடுக்கிற?"

ராத்தா சீப்பை மகளின் தலையிலேயே குத்திவிட்டு எழுந்தார். "இப்ப சந்தையில தேசிக்காய் எவ்வளவு கிடக்கும்?"

"தேடினா ரெண்டு மூட்டை எடுக்கலாம்."

"எடுங்க. காலையில சுபஹோட வாறன். இந்த முறை எல்லாருக்கும் முன்னால பிழியிற."

ஞாயிறு காலை பந்தலுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி இருந்து தேசிக்காய் பிழிந்து எலுமிச்சைச் சாறு எடுத்தோம். முதல் நாள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்த ஒருத்தியும் அதில் இருந்தாள். என் விரலெல்லாம் எரிந்தது. பெரிய கிடாரம் நிறையக் கரைத்து முடித்தபோது மாப்பிள்ளை வீட்டு வாகனங்கள் வரும் சத்தம் கேட்டது. எல்லாரும் கிளாஸ் தட்டங்களோடு தயாராக நின்றார்கள். ஒருவரும் ஊற்றவில்லை. ஹாஜியார்தான் ஊற்றவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

புதுச் சேட்டும் தொப்பியுமாக அவர் வந்தார். கிடாரத்திலிருந்து ஒரு கிளாஸ் எடுத்தார். குடிக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், கல்லில் குந்தியிருந்த ராத்தாவிடம் கொண்டுபோய் நீட்டினார். வெளியே வாகனக் கதவுகள் திறந்து மூடின. அண்ணனைத் தேடி அவரது தம்பி ஓடி வந்து, "காக்கா, அவங்க வந்திட்டாங்க!" என்றார். ஹாஜியார் அசையவில்லை.

ராத்தா வாங்கினார். ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, அவசரப்படாமல் விழுங்கினார். முன்னூறு பேர் வாசலில் நிற்க, நாங்கள் எல்லாரும் அவரது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் காணா" என்றார்.

குசினிக்கு ஓட அங்கே பத்துப் பேர் தயாராக நின்றார்கள். ஹாஜியார் யாரையும் அனுப்பவில்லை. புதுச் சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உப்பு எடுக்க அவரே போனார்.